மாலைக்கண்: ஒருவருக்கு நோய், ரத்தம் தர வேண்டியது குடும்பமே

கீரையால் தீராதது

பொழுது சாய்ந்ததும் பிள்ளை தடுமாறினால், முருங்கைக்கீரையும் பப்பாளியும் கொடுக்கச் சொல்வார்கள் வீட்டுப் பெரியவர்கள். வைட்டமின் ஏ குறைவுதான் காரணம் என்றால் உணவோடு மருந்தும் சேர, கோளாறு சீக்கிரமே சரியாகிவிடும். ஆனால் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோயும் மாலைக்கண்ணாகத்தான் தொடங்குகிறது. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் முதலில் அழியும். பிறகு பக்கப் பார்வை சுருங்கும். கரும்பலகையைத் தெளிவாகப் படிக்கிற பிள்ளை, பக்கத்தில் கிடக்கும் ஸ்டூலில் இடித்துக்கொண்டு, 'கவனம் இல்லாதவன்' என்று பெயர் வாங்கும். உலகில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளில் சிலருக்கு அஷர் நோய்க்குறி என்ற வகையில் இதுவும் சேர்ந்து வரும். அவர்களுக்குக் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

லட்சக்கணக்கில் ஒன்றைத் தேடுதல்

ரோடாப்சின் மரபணுவில் உள்ள பிழை இந்நோய்க்குக் காரணமாகலாம் என்று 1990-ல் தெரியவந்தது. இன்று தொடர்புடைய மரபணுக்கள் 80-ஐத் தாண்டிவிட்டன. எது பழுது என்பதைப் பெரும்பாலும் கண்ணை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ரத்தத்திலுள்ள டிஎன்ஏவைப் படிக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். யாருடைய மரபணுத் தொகுதியும் பொது மாதிரியிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடும்; மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆகவே கணினியின் முதல் வேலை கழிப்பது. நலமாக இருப்பவர்களிடம் பரவலாகக் காணப்படும் மாற்றம் அரிய நோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஆனால் யாரோடு ஒப்பிடுவது? உலகத் தரவுத் தொகுப்புகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம். நம்மிடம் சகஜமான ஒரு மாற்றம் அங்கே அபூர்வமாகத் தெரியும். அதனால்தான் பலருடைய அறிக்கையில் 'முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்' என்று வருகிறது. நோய்க்காரணம் பிடிபட்டது என்று அதற்குப் பொருளில்லை. பயமில்லை என்றும் பொருளில்லை. ஜீனோம் இந்தியா திட்டம் சுமார் 10,000 இந்தியர்களின் மரபணுத் தரவை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்தது இந்தக் குறையைக் கொஞ்சம் போக்கும்.

அண்ணன் ரத்தம் எதற்கு?

"எனக்குத்தான் நல்லா தெரியுதே" என்று நழுவும் அண்ணனின் ரத்தம்தான் பல நேரம் முடிச்சை அவிழ்க்கிறது. தம்பியிடம் சந்தேகப்பட்ட அதே மாற்றங்கள் அவரிடமும் அப்படியே இருந்து, கண் பழுதில்லை என்றால், தேடலை வேறிடத்தில் தொடரலாம்.

மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும்போது, கணவன் மனைவி இருவரிடமும் ஒரே மரபணுவில் பழுது மறைந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதில் பங்கு இருவருக்கும் சமம். பழியை மருமகள் தலையில் போடுவது அநியாயம். வரன் அமையாதே என்று நோயை ஒளிப்பதால் அடுத்த தலைமுறைதான் அவதிப்படும்.

தெரிந்தால் என்ன பயன்?

ஆர்பிஇ65 மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானவர்களுக்கான லக்ஸ்டர்னா மரபணு சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. விழித்திரையில் உயிருள்ள செல்கள் போதுமான அளவு இருந்தால்தான் அது பலன் தரும். அறிமுகமானபோது இரு கண்களுக்கும் சேர்த்து விலை 8,50,000 டாலர்! மற்ற மரபணுக்களுக்கான சிகிச்சைகள் பல ஆய்வில் இருக்கின்றன. எந்த மரபணு என்று தெரியாதவர் அவற்றில் சேர வழியில்லை. ரெஃப்சம் நோய் போன்ற அரிய வகையாக இருந்தால் உணவுக் கட்டுப்பாடே உதவும்.

மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகிய கண் மருத்துவமனைகள் கண் நோய் மரபணு ஆய்விலும் ஈடுபட்டுள்ளன. முன்பே பரிசோதித்து விடை கிடைக்காதவர்கள் பழைய அறிக்கையோடு போய், தரவை மறுபடி அலச முடியுமா என்று கேட்கலாம். பல நேரம் புதிதாக ரத்தம் எடுக்கவே தேவையிருக்காது.