முப்பத்தாறு நொடி

2023ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள், அமெரிக்க நாட்டின் சிகாகோ நகர வீதிகளில் ஒரு மாரத்தான் ஓட்டப் போட்டி நடைபெற்றது. கென்யா நாட்டு இளைஞராகிய கெல்வின் கிப்டம் என்பார் அதில் முதல்வராக வந்து சேர்ந்தார். 42.195 கிலோமீட்டர்த் தொலைவை அவர் கடக்க எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 35 நொடி. முறையாக நடத்தப்பெற்ற போட்டி ஒன்றில், அதற்கு முன் எவரும் அத்தொலைவை 2 மணி 1 நிமிடத்திற்குள் கடந்ததில்லை. அப்போது அவருக்கு அகவை இருபத்து மூன்றே.

ஓட்டக் கலையில் ஈடுபாடுடையோர் அனைவரிடத்தும் அன்றே ஒரு வினா எழுந்தது. இன்னும் முப்பத்தாறு நொடி குறைந்தால், இரண்டு மணி நேரம் என்னும் எல்லை தகர்ந்துவிடுமே. அதனைத் தகர்ப்பவர் இவர்தாமோ? அவ்வாண்டு முடியுமுன்பே அவ்வினாவுக்கு நாளும் இடமும் குறிக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் நெதர்லாந்து நாட்டு ராட்டர்டாம் நகரில் கிப்டம் ஓடுவார் என அறிவிப்பு வெளிவந்தது. இரண்டு மணிக்குள் ஓடி முடிக்க முயல்வதே தம் நோக்கம் என்பதை அவரும் மறைக்கவில்லை.

மாரத்தான் என்பது கிரேக்க நாட்டிலுள்ள ஓர் ஊரின் பெயர். சோம்புச் செடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அப்பெயர் பிறந்தது என்பர். செடியால் ஊர் பெயர் பெறுதல் எந்நாட்டிலும் உள்ள வழக்கே. கி.மு. 490இல் அவ்வூர் வெளியில் ஏதென்சு நகரத்தார் பாரசீகப் படையை வென்றனர். அவ்வெற்றியை உரைக்க ஒரு தூதன் ஏதென்சுக்கு ஓடிவந்து, செய்தி சொன்னவுடன் உயிர் துறந்தான் என்பது வழிவழி வந்த கதை. வரலாற்றாசிரியர் எரோடோட்டசு இவ்வாறு எழுதவில்லை. போருக்கு முன் துணை வேண்டி ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய தூதனையே அவர் குறிப்பிடுகின்றார். ஆயினும் கதையே நிலைத்தது. 1896இல் ஏதென்சில் புத்துயிர் பெற்ற ஒலிம்பிக் விளையாட்டில், அக்கதையின் நினைவாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று சேர்க்கப்பட்டது. கிரேக்க நாட்டு ஸ்பிரிடான் லூயிஸ் அதில் வென்றார்.

தொலைவு 42.195 கிலோமீட்டர் என அமைந்ததற்கு அறிவியற் காரணம் ஒன்றும் இல்லை. 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கின்போது, வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்தின் எதிரே முடியுமாறு பாதை வகுக்கப்பட்டது. அது 26 மைல் 385 கஜமாக அமைந்தது. 1921இல் அதுவே நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அரச குடும்பத்தார்க்காக நீண்ட அந்தச் சிறு தொலைவில் களைத்து வீழ்ந்தவர் எத்துணையோ பேர்!

அவ்விலண்டன் ஓட்டத்தில் வென்ற ஜான் ஹேய்ஸ் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 55 நிமிடம் 18 நொடி. 1960இல் உரோம் நகரில் எத்தியோப்பிய வீரர் அபெபே பிக்கிலா காலணியின்றி வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் வென்றார். 1967இல் ஆஸ்திரேலியாவின் டெரெக் கிளேட்டன் 2 மணி 10 நிமிடத்திற்குக் கீழே இறங்கினார். 2003இல் கென்யாவின் பால் டெர்கட் 2 மணி 5 நிமிடத்தைத் தாண்டி உள்ளே வந்தார். 2014இல் டென்னிஸ் கிமெட்டோ 2 மணி 3 நிமிடத்திற்குள்ளும், 2018இல் எலியுட் கிப்சோகே 2 மணி 2 நிமிடத்திற்குள்ளும் ஓடினர். தொடக்கத்தில் பல நிமிடங்களாகக் குறைந்துவந்த நேரம், பின்னர் நொடி நொடியாகவே குறையலாயிற்று. எண்ணெய் ஆட்டுகையில் முதலிற் பெருகியும் இறுதியில் துளித்துளியாகவும் வடிவது போன்றது இது.

இரண்டு மணி என்பது மனிதன் வகுத்துக்கொண்ட கணக்கேயன்றி இயற்கை இட்ட வேலியன்று. ஆயினும் முழு எண்களின் மீது மனிதனுக்கு ஒரு பற்று உண்டு. ஒரு மைலை நான்கு நிமிடத்திற்குள் ஓட இயலுமா என்று உலகம் நெடுங்காலம் ஐயுற்றிருந்தது. 1954இல் ரோஜர் பானிஸ்டர் 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடி அவ்வையத்தைத் தீர்த்தார். மாரத்தானுக்கு இரண்டு மணி அத்தகையதோர் எல்லையாக விளங்கிற்று.

அவ்வேகம் எத்தகையது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டு மணியில் ஓடி முடிக்க விரும்புபவர் ஒவ்வொரு கிலோமீட்டரையும் 2 நிமிடம் 50.6 நொடியிற் கடத்தல் வேண்டும். 400 மீட்டர் ஓடுபாதையை 68 நொடியில் ஒருமுறை சுற்றிவரும் மாணவன், தன் பள்ளியில் நல்ல ஓட்டக்காரன் என்றே மதிக்கப்படுவான். மாரத்தான் வீரரோ அதே வேகத்தில், இடையே நில்லாது, நூற்றைந்தரைச் சுற்று ஓடுதல் வேண்டும்! சிகாகோவில் கிப்டம் ஓடிய வேகம் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 51.5 நொடி. வேறுபாடு ஒரு நொடிக்கும் குறைவு. தொலைவாகச் சொன்னால், இரண்டு மணி நிறைவுற்ற அந்நொடியில் எல்லைக் கோடு அவருக்கு இருநூற்றுப் பத்து மீட்டர் முன்னே இருந்தது. கண்ணுக்கு எட்டும் தொலைவே. ஆயினும் காலுக்கு எட்டவில்லை.

எல்லைக்கு அணிமையில் வந்தவர் பிறரும் உளர். கிப்டத்தின் மீது நம்பிக்கை மிகுந்ததற்குக் காரணம் அவர் ஓடிய முறையேயாகும். மாரத்தானில் முற்பாதி விரைவாகவும் பிற்பாதி தளர்ந்தும் அமைவதே பெரும்பாலும் இயல்பு. நம் உடல், தசைகளிலும் ஈரலிலும் சேர்த்து வைத்துள்ள சர்க்கரைச் சத்தைக் கொண்டே விரைந்து இயங்குகின்றது. அச்சேமிப்பு 30 கிலோமீட்டரைக் கடக்கும் அளவில் வற்றத் தொடங்கும். அதன்பின் கால்கள் ஈயக் குண்டுகள்போற் கனக்கும். இந்நிலையை ஓட்டக்காரர்கள் 'சுவர்' என்றே வழங்குவர். இச்சுவரை ஒத்திப் போடுவதற்காகவே ஓடும்போதே சர்க்கரை கலந்த நீரைச் சிறிது சிறிதாக அருந்துகின்றனர்.

கிப்டமோ சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வேகத்தைக் கூட்டினார்! 2023 ஏப்ரலில் இலண்டனில் அவர் முற்பாதியை 61 நிமிடம் 40 நொடியிலும், பிற்பாதியை 59 நிமிடம் 45 நொடியிலும் ஓடினார். சிகாகோவில் முற்பாதி 60 நிமிடம் 48 நொடி. பிற்பாதி 59 நிமிடம் 47 நொடி. அதிலும் 30ஆம் கிலோமீட்டரிலிருந்து 40ஆம் கிலோமீட்டர் வரை அவர் எடுத்த நேரம் 27 நிமிடம் 52 நொடி. இரண்டு மணிக்கு வேண்டிய வேகத்தில் ஓடினால் அப்பத்துக் கிலோமீட்டருக்கு 28 நிமிடம் 26 நொடி செல்லும். ஆகவே, ஓட்டத்தின் கடினமான பகுதியை அவர் வேண்டிய வேகத்தினும் மிக்க வேகத்தோடே கடந்திருந்தார். குறை முற்பாதியில் இருந்தது.

இதற்கு நேர்மாறாக, 2022இல் பெர்லின் நகரில் கிப்சோகே 2 மணி 1 நிமிடம் 9 நொடியில் உலகச் சாதனை படைத்தபோது, முற்பாதி 59 நிமிடம் 51 நொடி. பிற்பாதி 61 நிமிடம் 18 நொடி. அவர்தம் முற்பாதியையும் கிப்டத்தின் சிகாகோப் பிற்பாதியையும் ஒன்றாகக் கூட்டினால் 1 மணி 59 நிமிடம் 38 நொடி ஆகும். ஏட்டில் எல்லை தகர்ந்துவிட்டது. ஆனால் ஏட்டுக் கணக்குக்குக் கால்கள் இல்லை. முற்பாதியில் விரைந்தவர் பிற்பாதிக்கு உரிய ஆற்றலைக் கடனாகப் பெற்றே விரைகின்றார். ஒரே உடல் இரண்டையும் செய்யுமா என்பதே ராட்டர்டாமில் விடை காணவேண்டிய வினாவாக இருந்தது.

இவ்வெல்லை 2019லேயே தகர்ந்துவிட்டதன்றோ என்று கேட்பார் உளர். அவ்வாண்டு அக்டோபர் 12ஆம் நாள் வியன்னா நகரில் கிப்சோகே அத்தொலைவை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடியது மெய்யே. ஆனால் அது போட்டியன்று. நாற்பத்தொரு வீரர்கள் முறைமாற்றி வந்து, அவருக்குக் காற்றுப் படாதவாறு சூழ்ந்து ஓடினர். மிதிவண்டியில் வந்தவர்கள் பருகுநீரை அவர் கையிற் கொடுத்தனர். சாதனை ஏட்டில் ஏறவேண்டுமாயின், வேகம் காட்ட உடன் ஓடுவோர் தொடக்கத்திலிருந்தே ஓடுதல் வேண்டும். இடையில் வந்து சேர்தல் கூடாது. பாதைக்கும் விதி உண்டு. தொடக்க இடத்தைக் காட்டிலும் முடிவிடம் 42 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருத்தலாகாது; இரண்டிற்கும் இடையிலுள்ள நேர்த்தொலைவு மொத்தத் தொலைவிற் பாதியை மிஞ்சுதலும் ஆகாது. 2011இல் பாஸ்டன் நகரில் ஜெப்ரி முட்டாய் அந்நாளைய சாதனையினும் 57 நொடி விரைந்து ஓடியும், இவ்விதியால் அது ஏற்கப்படவில்லை. 2020 முதற் காலணிக்கும் அளவு வகுக்கப்பட்டது. அதன் அடித்தட்டு 40 மில்லிமீட்டருக்கு மேற் பருத்தல் ஆகாது. மனிதன் ஓடுகின்றானா, காலணி ஓடுகின்றதா என்று வினவுமளவுக்குக் காலணிகள் வளர்ந்துவிட்டமையால் இவ்விதி வேண்டியதாயிற்று.

ராட்டர்டாம் இவ்விதிகளுக்கெல்லாம் பொருந்திய நகர். தட்டையான நிலம், ஆற்றைக் கடக்கும் எராஸ்மஸ் பாலத்தில் மட்டுமே குறிப்பிடத்தக்க ஏற்றம் உண்டு. 1985இல் கார்லோஸ் லோபசும், 1988இல் பெலாய்னே டின்சாமோவும் அங்கேதான் உலகச் சாதனை படைத்தனர். வானிலையே எஞ்சியிருந்த ஐயம். கடலை அடுத்த நகராதலின் காற்று வீசக்கூடும். வெயிலோ காற்றினும் கொடிய பகை. பின்னாளில், 2025 செப்டம்பரில், பெர்லின் நகரில் சபாஸ்டியன் சாவே என்னும் கென்ய வீரர் முற்பாதியை 60 நிமிடம் 16 நொடியில் ஓடி, சாதனை நிகழுமென்று எல்லாரையும் எதிர்நோக்க வைத்தார். அன்று வெப்பம் மிக்கிருந்தமையால் 2 மணி 2 நிமிடம் 16 நொடியிலேயே அவரால் முடிக்க இயன்றது. வியர்வையால் உடலைத் தணிப்பதற்கே குருதியிற் பெரும்பகுதி செலவாகுமாயின், கால்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு?

கிப்டம் பிறந்து வளர்ந்தது கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கை ஒட்டிய செப்கோரியோ என்னும் மேட்டு நிலச் சிற்றூர்ப் பகுதி. கடல்மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது அது. அங்குக் காற்று மெலிந்திருப்பதால், உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்களை உடல் மிகுதியாக உண்டாக்கிக் கொள்கின்றது. சிறுவனாகக் கால்நடை மேய்த்த காலத்திலேயே, அவ்வழியே பயிற்சிக்காக ஓடும் வீரர்களின் பின்னால் அவர் வெறுங்காலோடு ஓடுவாராம். அவ்வாறு அவரால் துரத்தப்பட்ட வீரர்களுள் ஒருவர் ருவாண்டா நாட்டு ஜெர்வே ஹக்கிசிமானா. தம் குதிகாலை உரசிக்கொண்டு ஓடிவந்த அச்சிறுவனை விரட்டிய அவரே, பின்னாளில் அவனுக்குப் பயிற்சி ஆசானாக அமைந்தார்!

கிப்டம் ஒரு வாரத்தில் 250 முதல் 280 கிலோமீட்டர் வரை ஓடினார். சில வாரங்களில் 300ஐயும் தாண்டினார். ஒவ்வொரு வாரமும் ஏறத்தாழ ஆறு மாரத்தானுக்கு ஒப்பான தொலைவு இது. ஆசான் இதனைக் கண்டு பெருமை கொண்டதோடு அஞ்சவும் செய்தார். இவ்வாறே ஓடினால் ஐந்தாண்டுகளில் உடல் தேய்ந்துவிடும், சற்று அமைதி கொள்க என்று மாணவருக்கு அறிவுறுத்தியதாக அவரே செய்தியாளரிடம் கூறியுள்ளார். ஓய்வெடு என்று மாணவனைக் கெஞ்சும் ஆசான் அரியர்.

2024 பிப்ரவரி 6ஆம் நாள், உலகத் தடகள அமைப்பு சிகாகோ ஓட்டத்தை முறைப்படி உலகச் சாதனையாக ஏற்றுக்கொண்டது. ராட்டர்டாமுக்கு அப்போது பத்து வாரங்கூட இல்லை. அதற்கு ஐந்தாம் நாள், பிப்ரவரி 11 இரவு, கப்டகாட் என்னும் ஊருக்கு அருகே கிப்டம் சென்ற கார் சாலையை விட்டு விலகி விபத்துக்குள்ளாயிற்று. இருபத்து நான்கு அகவையினராகிய கிப்டமும், உடனிருந்த ஆசான் ஹக்கிசிமானாவும் அங்கேயே உயிர் நீத்தனர். கிப்டம் தம் வாழ்நாளில் ஓடிய மாரத்தான்கள் மூன்றே: வலென்சியா, இலண்டன், சிகாகோ. மூன்றிலும் அவரே முதல்வர்.

ஏப்ரல் 14 அன்று ராட்டர்டாமில் குறித்தபடி போட்டி நடைபெற்றது. நெதர்லாந்து நாட்டு அப்தி நகேயே 2 மணி 4 நிமிடம் 45 நொடியில் வென்று, தம் நாட்டுச் சாதனையைப் புதுக்கினார்.