அமோனியாவை மோப்பம் பிடிக்கும் பச்சைப் படலம்: எப்படி வேலை செய்கிறது?

ஷா ஆலம் - பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அமோனியாவைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மங்கிலிருந்து வாளிக்கு வந்த பால் கட்டியாகிவிடாமல் இருக்க ஊற்றப்படும் அந்த மருந்தின் நெடி, பால் நிறுக்கும் கொட்டகைப் பக்கம் போனாலே கண்ணில் நீரை வரவழைத்துவிடும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். அமோனியாவும் கூடவே வந்திருக்கிறது. கையுறைத் தொழிற்சாலைகளுக்கு லாரியில் வரும் அடர்த்தியான ரப்பர் பாலில் அது கலந்திருக்கிறது. ஐஸ் தொழிற்சாலைகளிலும் மீன், இறைச்சி வைக்கும் பெரிய குளிர்பதனக் கிடங்குகளிலும் குளிரூட்டும் குழாய்களுக்குள் ஓடுவதும் பல இடங்களில் அதுதான். கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் நம்மவர்களில் பலர் தினமும் இந்த வாயுவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

“கசிந்தால் வாடை தெரியுமே, பிறகென்ன கருவி?” என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அமோனியா வாடை சிலருக்கு 5 பிபிஎம் அளவிலேயே தெரிந்துவிடும். அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் ஐந்து பங்கு அமோனியா. வேறு சிலருக்கு அதைவிடப் பல மடங்கு கூடினால்தான் தெரியும். தொடர்ந்து அதே காற்றைச் சுவாசிப்பவரின் மூக்கோ பழகிப்போய், இருக்கும் வாடையையும் இல்லை என்று சொல்லத் தொடங்கிவிடும். மலேசியாவில் 2000-ஆம் ஆண்டு வேலையிட இரசாயன விதிமுறைகள் அமோனியாவுக்கு வைத்திருக்கும் வரம்பு, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக 25 பிபிஎம். அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான நியோஷ், 300 பிபிஎம் அளவை உயிருக்கும் உடல்நலத்துக்கும் உடனடி ஆபத்து என்று குறிக்கிறது. 20-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்த மூக்காலும் சொல்ல முடியாது.

மூக்கையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் அண்மைய உதாரணம் உண்டு. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவையொட்டி, சென்னையை அடுத்த எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மீனவக் கிராம மக்கள் தூக்கத்திலிருந்து மூச்சுத் திணறி எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தொழிற்சாலை அருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் இருக்கவேண்டிய அமோனியா, 2,090 இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. அந்த ஊர் மக்களுக்கு அன்றிரவு முதல் எச்சரிக்கை மணி அவர்களுடைய கண்ணும் தொண்டையும்தான்.

இதற்கு மாற்றாக உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் சோதிக்கப்படும் கருவிகளில் ஒன்றுதான் பாலிமர் மென்படல உணரி. பாலிமர் என்றாலே பிளாஸ்டிக், பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது என்பது நாம் பள்ளியில் படித்தது. அதை மாற்றியவர்கள் ஹிடேகி ஷிரகாவா, ஆலன் மெக்டியார்மிட், ஆலன் ஹீகர் ஆகிய மூவர். 1977-இல் அவர்கள் பாலிஅசிட்டிலின் என்ற பாலிமரை உலோகத்தைப் போல மின்சாரம் கடத்த வைத்தார்கள். 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அதற்காகவே அவர்களுக்கு வழங்கப்பட்டது.

அமோனியாவைக் கண்டுபிடிக்க அதிகம் பயன்படுவது அந்த வகையைச் சேர்ந்த பாலிஅனிலின். இது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தோட்டத்துக்காரர்கள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். ரப்பர் பாலில் பார்மிக் ஆசிட் ஊற்றினால் உறையும்; அமோனியா ஊற்றினால் உறையாமல் நிற்கும். ஆசிட்டும் அமோனியாவும் ஒன்றுக்கொன்று எதிரி. ஆசிட் என்பது புரோட்டான் என்னும் நுண்துகளைக் கொடுப்பது, அமோனியா அதைப் பறிப்பது. உணரிக்குள் நடப்பதும் இதே சண்டைதான்.

பாலிஅனிலினை ஆசிட்டோடு சேர்த்தால் அதன் நீண்ட சங்கிலியில் புரோட்டான்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது அது மரகதப் பச்சையாக மாறி, மின்சாரத்தைக் கடத்தும். இந்த நிலைக்கு எமரால்டின் என்று பெயர் வந்ததே மரகதத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான். இப்போது அமோனியா மூலக்கூறு ஒன்று படலத்துக்குள் நுழைகிறது. சங்கிலியில் இருக்கும் புரோட்டானைப் பிடுங்கிக்கொண்டு அது அமோனியம் ஆகிவிடுகிறது. புரோட்டானை இழந்த இடத்தில் மின்னோட்டம் தடைப்படுகிறது. எல்லாப் புரோட்டானும் போய்விட்டால் படலம் நீலமாகும், அதன் கடத்தும் திறன் ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு குறையும். சில பிபிஎம் அளவுக் கசிவில் அவ்வளவு தூரம் போகாது. கண்ணுக்கு நிறமாற்றம் தெரியாமல், மின்தடை மட்டும் சற்றே கூடும். அந்தக் கூடுதலை அளந்துதான் காற்றில் எவ்வளவு அமோனியா என்று கணக்கிடுகிறார்கள்.

நல்ல காற்று வந்ததும் அமோனியா தான் பறித்ததை விட்டுவிட்டு வெளியேறும். புரோட்டான் சங்கிலிக்குத் திரும்பும், மின்தடை இறங்கும். ஒருமுறை பயன்படுத்தி வீசும் காகிதம் போலல்லாமல் இதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிவது இதனால்தான்.

படலம் ஏன் மெல்லியதாக இருக்கவேண்டும்? வாயு உள்ளே ஊடுருவ வேண்டும், பிறகு வெளியேறவும் வேண்டும். தடித்த படலத்தில் இரண்டுமே தாமதமாகும். கசிவு எச்சரிக்கையில் தாமதம் என்பது பயனற்றது. எனவே சுமார் 100 நானோமீட்டர் தடிமனில் பூசுகிறார்கள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்தது போன்ற உலோகக் கம்பிகளின் மேல் இந்தப் படலம் படிந்திருக்கும். ஒரு சீப்பிலிருந்து மறு சீப்புக்கு மின்சாரம் படலத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும்.

இதன் பெரிய வசதி, சாதாரண அறை வெப்பத்திலேயே வேலை செய்வது. டின் ஆக்சைடு போன்ற உலோக ஆக்சைடு உணரிகளைப் பொதுவாக 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கவேண்டும், அதற்கு மின்சாரம் அதிகம் செலவாகும். பாலிமர் படலத்துக்குச் சிறிய பேட்டரி போதும். விலை மலிவான பொருளிலும், வளையும் பிளாஸ்டிக் தாளிலும்கூடப் பூசலாம்.

அப்படியானால் ஷா ஆலம் தொழிற்சாலைச் சுவர்களில் ஏன் இன்னும் இது பரவலாகத் தொங்கவில்லை? முதல் காரணம் நம் ஊர்க் காற்று. பாலிஅனிலின் ஈரப்பதத்துக்கும் மசியும். காற்றிலுள்ள நீராவி படலத்துக்குள் புகுந்து புரோட்டான்களின் நடமாட்டத்தை மாற்றிவிடும், படலமும் உப்பும். மாலை மழைக்குப் பிறகு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், மின்தடை மாறியது அமோனியாவாலா மழையாலா என்று பிரித்தறிய வேண்டும். அதற்காகப் பக்கத்திலேயே ஈரப்பத உணரி ஒன்றை வைத்துக் கணக்கைத் திருத்துகிறார்கள். மீன் கெடும்போது வரும் அமைன்களும் அமோனியாவைப் போலவே படலத்தை ஏமாற்றும். மேலும், நாளாக ஆக ஆசிட் ஆவியாகிப் படலம் சோர்ந்துபோகும். எளிதில் ஆவியாகாத பெரிய மூலக்கூறு ஆசிட்டைச் சேர்ப்பது இதற்கு ஒரு வழி. நாம் சாமிக்கு ஏற்றும் கற்பூரத்திலிருந்து செய்யப்படும் கற்பூர சல்ஃபோனிக் ஆசிட் அவற்றில் ஒன்று.

ஓரிடத்தில் குறையாக இருப்பது இன்னோரிடத்தில் உதவும். அமைன்களுக்கும் மசியும் அதே குணத்தை வைத்து, இந்தோனேசியாவின் ஜெம்பர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பம்பாங் குஸ்வாண்டி குழுவினர் மீன் பொட்டலத்துக்குள் ஒட்டும் பாலிஅனிலின் சீட்டை 2012-இல் வெளியிட்டனர். மீன் கெடக் கெடச் சீட்டு பச்சையிலிருந்து நீலமாகும். ஈரக்கடையில் செவுளைத் தூக்கிப் பார்க்கும் நம் வழக்கத்துக்கு இது போட்டியா என்பது வேறு விஷயம்.

தொழிற்சாலைகளில் இப்போதைக்கு அதிகம் இருப்பவை மின்வேதியியல் உணரிகள். அவற்றுக்கும் ஆயுள் உண்டு. உள்ளே இருக்கும் திரவம் காலப்போக்கில் தீர்ந்துவிடும். கருவியின் விளக்கு எரிகிறது என்பதால் உணரியும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அளவு தெரிந்த சிறிதளவு அமோனியாவைக் கருவிக்குக் காட்டி, அது கத்துகிறதா என்று பார்ப்பது மட்டுமே நம்பத்தக்க சோதனை. உங்கள் வேலையிடத்தில் அந்தச் சோதனை கடைசியாக எப்போது நடந்தது, எத்தனை பிபிஎம்மில் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்கலாம்.