நாட்டுப்பண்ணும் விளையாட்டு வீரரும்

விளையாட்டுத் திடலில் நாட்டுப்பண் இசைக்கப்படும்போது வீரர்கள் எழுந்து நிற்க வேண்டுமெனக் கட்டாயப்படுத்தலாமா? ஊதியம் பெற்று ஆடுபவர் தம் கழகத்தின் விதிக்குக் கட்டுப்பட்டவரே என்பர் ஒரு சாரார். ஊதியம் ஆட்டத்திற்கேயன்றி மனச்சான்றுக்கன்று என்பர் மற்றொரு சாரார். இரு தரப்பையும் நடுநிலையோடு ஆராய்வது கற்றோர் கடமையாகும்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மஹ்மூத் அப்துல் ரவூப் இஸ்லாத்தைத் தழுவியவர். அந்நாட்டுக் கொடி ஒடுக்குமுறையின் சின்னம் எனக் கருதிய அவர், 1996ஆம் ஆண்டு நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நிற்க மறுத்தார். வீரர்கள் நிற்க வேண்டுமென்பது கூடைப்பந்துக் கழகத்தின் விதி. எனவே ஓர் ஆட்டத்திலிருந்து அவர் நீக்கப்பட்டார். சக முஸ்லிம் வீரரான ஹகீம் ஒலாஜுவானும் அவர் நிலையை ஏற்கவில்லை. முடிவில் ஓர் உடன்பாடு பிறந்தது: அவர் எழுந்து நிற்பார், ஆனால் தலைகுனிந்து தம் இறைவனிடம் துஆச் செய்வார். விதியும் காக்கப்பட்டது, மனச்சான்றும் காக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இத்தகைய வழக்குகள் எழுந்தன. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் சமயத்தைச் சார்ந்த மூன்று மாணவர்கள், நாட்டுப்பண்ணின்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர், ஆயின் பாடவில்லை. 1985இல் அவர்கள் பள்ளியினின்றும் நீக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டில் நீதியரசர் சின்னப்ப ரெட்டி இடம்பெற்ற உச்சநீதிமன்ற அமர்வு, பாடாமல் நிற்பது அவமதிப்பாகாது எனத் தீர்ப்பளித்து அவர்களை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது. 1971ஆம் ஆண்டுச் சட்டமும் நாட்டுப்பண் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதையும், பாடும் அவையைக் குலைப்பதையுமே குற்றமெனக் கூறியது. திரையரங்குகளில் நாட்டுப்பண் இசைத்தல் கட்டாயம் என்ற 2016ஆம் ஆண்டு ஆணையையும் உச்சநீதிமன்றமே 2018இல் தளர்த்தியது.

நம் மாவட்டமும் இவ்விவாதத்திற்குப் புறம்பானதன்று. 2018இல் சென்னை விழாவொன்றில் தமிழ்த்தாய் வாழ்த்தின்போது காஞ்சி மடத்தின் விஜயேந்திரர் அமர்ந்திருந்தார். அதனைக் கண்டித்து இராமேசுவரத்திலுள்ள அம்மடத்தின் கிளையில் போராடியோர் மீது வழக்குப் பதிவாயிற்று. 2021 டிசம்பரில் அவ்வழக்கை நீக்கிய மதுரை உயர்நீதிமன்றக் கிளை, வாழ்த்துக்கு எழுந்து நிற்கச் சட்டக் கட்டாயம் ஏதுமில்லை என்றது. அம்மாதமே தமிழக அரசு அதனை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் நீங்கலாக அனைவரும் எழுந்து நிற்க வேண்டுமென ஆணை பிறப்பித்தது.

எனவே நாம் கொள்ளத்தக்க நிலை யாது? நாட்டின் பெயர் பொறித்த சட்டையை விரும்பி அணிபவர் எழுந்து நிற்பதே பண்பு. அதனை எதிர்பார்க்க அணிக்கும் உரிமையுண்டு. ஆயின் பிறருக்கு இடையூறின்றி அமைதி காப்பவரைத் தேசத்துரோகி எனத் தூற்றுவதும், அவர் பிழைப்பைப் பறிப்பதும் முறையாகா. அமெரிக்கக் கழகம் கண்டதுபோல், விதிக்கும் மனச்சான்றுக்கும் இடையே ஒரு வழி தேடுவதே அறிவுடைமை. நிய்யத்தின் தூய்மையை முதன்மையாகப் போற்றுவது நம் மார்க்க மரபு. அச்சத்தால் நிற்பவனிடம் உடலின் பணிவு மட்டுமே உண்டு. அன்பால் நிற்பவனிடமே மரியாதை உண்டு.

கமுதி வட்டாரத்துத் திடல்களிலிருந்து நாளை மாநில, தேசிய அணிகளுக்குச் செல்லவிருக்கும் நம் மாணவச் செல்வங்கள் நாட்டுப்பண்ணுக்கு நிமிர்ந்து நிற்பார்களாக! அவ்வாறு நில்லாத ஒருவரைக் காணின், தண்டிக்கும் முன் காரணம் கேட்கும் பொறுமையும் பெறுவார்களாக! இவ்விரண்டையும் கற்பிப்பதே கல்வி நிலையங்களின் கடமை என்பது எம் துணிபு.