துபாயில் வீடு: முன்பணம் கொடுக்குமுன்...

மும்பை: வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனையோ மருமகனையோ பார்த்துவிட்டு வருகிற நம்மவர்கள், பேரீச்சம்பழத்தோடு வர்ணப்படம் போட்ட விளம்பரப் புத்தகம் ஒன்றையும் கொண்டுவருகிறார்கள். கடலோர அடுக்குமாடி, சிறிது முன்பணம், மீதி தவணையில். ஓய்வுபெற்று பி.எஃப். பணத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு ஆசை பிறப்பதில் வியப்பில்லை.

அங்கே வெளிநாட்டவர் வீடு வாங்க முடியுமா? முடியும். ஆனால் எல்லா இடத்திலும் முடியாது.

எது சொந்தம்?

2002-ம் ஆண்டில்தான் துபாய் இதற்கு வழி திறந்தது. சொத்துப் பதிவுச் சட்டம் 2006-ல் வந்தது. ஆட்சியாளர் குறிப்பிட்டுள்ள பகுதிகளில் மட்டுமே வெளிநாட்டவர் முழு உரிமை பெறலாம். சில இடங்களில் கிடைப்பது 99 ஆண்டு வரையிலான குத்தகை உரிமைதான். விளம்பரம் என்ன சொன்னாலும், பத்திரத்தில் எது எழுதியிருக்கிறதோ அதுவே செல்லும்.

எழும்பாத மாடிகள்

2008-ல் உலகப் பொருளாதார நெருக்கடி வந்தபோது துபாயில் வீட்டு விலை சரிந்தது. பல கட்டடங்கள் பாதியில் நின்றன. சில தொடங்கவே இல்லை. காகிதத்தில் மட்டும் இருந்த வீட்டுக்குத் தவணை கட்டித் தவித்தவர்களில் இந்தியர்களும் உண்டு.

இன்று பாதுகாப்பு இருக்கிறது. 2007-ம் ஆண்டுச் சட்டப்படி, வாங்குவோர் பணம் அந்தந்தக் கட்டடத்துக்கென்று திறந்த எஸ்க்ரோ கணக்கில் சேரவேண்டும். கட்டி முடியாத வீட்டின் விற்பனையையும் நிலத்துறைப் பதிவேட்டில் பதியவேண்டும். பதியாத விற்பனை செல்லாது என்கிறது 2008-ம் ஆண்டுச் சட்டம்.

ரயிலில் படுக்கை கேட்பவருக்கு இது புரியும். ஏஜெண்டின் ரசீது போதாது. சார்ட்டில் பெயர் இருக்கவேண்டும்.

நம் பக்கத்துச் சட்டம்

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி மூலம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வீடு வாங்கவும் இதில் இடமுண்டு. ஆனால் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி வசூலிக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கலில் இதைக் கழித்துக்கொள்ளலாம். அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். ஹவாலா வழியில் அனுப்பினால் வழக்கு வரும். வாங்கிய வீட்டை வரிக் கணக்கில் காட்டாமல் மறைத்தால், 2015-ம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம்.

வளைகுடாவில் வசித்தபோது சம்பாதித்து வாங்கியவர், ஊர் திரும்பிய பிறகும் அந்த வீட்டை வைத்துக்கொள்ளத் தடையில்லை.

கணக்கில் வராத செலவு

பதிவுக் கட்டணம் மட்டும் விலையில் 4 சதவீதம். ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் வேறு. துபாயின் நாணயமான திர்ஹம் அமெரிக்க டாலரோடு பிணைக்கப்பட்டது. டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கினால், இங்கே ரூபாயில் பென்ஷன் வாங்குபவருக்குத் தவணை தானாக ஏறும். சம்பளத்தையே திர்ஹமில் வாங்கும் மகனுக்கு அந்தப் பாரம் இல்லை. ஆகவே, இருவரும் ஒரே கணக்கைப் போடக்கூடாது.

ஊரில் இரண்டு சென்ட் மனை வாங்குவதானாலும் வில்லங்கம் பார்க்காமல் நாம் முன்பணம் கொடுப்பதில்லை. கடல் கடந்த வீட்டுக்கு மட்டும் படத்தைப் பார்த்துக் கொடுக்கலாமா?