கடல் தண்ணீரில் ஒளிந்திருக்கும் உப்புகள்!

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இரும்பையில் இருந்து வடகிழக்கே போனால், கடலோரத்தில் மரக்காணம் இருக்கிறது. அங்கே வெயிலில் பளபளக்கின்றன உப்பளப் பாத்திகள்!

கடல் தண்ணீரில் இருப்பது ஒரே உப்பு அல்ல, பல உப்புகள்! 1 லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. முக்கால் பங்குக்கு மேல் சோற்று உப்பு. மீதி வேறு உப்புகள்.

இவற்றைப் பிரிப்பது யார்? சூரியன்தான்!

முதலில் படிவது எது?

தண்ணீர் வற்ற வற்ற, குறைவாகக் கரையும் உப்பு முதலில் அடியில் படியும். முதலில் சுண்ணாம்புச் சத்து படியும். பிறகு, சிமெண்டில் சேர்க்கும் ஜிப்சம். 1 லிட்டர் நல்ல தண்ணீரில் ஜிப்சம் 2 கிராம் அளவுதான் கரையும். சோற்று உப்போ சுமார் 360 கிராம் கரையும்!

ஆகவே, கடல் தண்ணீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக வற்றிய பிறகுதான் சோற்று உப்பு விளையும். அதற்குள் தண்ணீரை அடுத்த பாத்திக்கு மாற்றிவிடுவார்கள். ஜிப்சம் பழைய பாத்தியிலேயே தங்கிவிடும்.

கசப்புத் தண்ணீர்

மக்னீசிய உப்புகள் இன்னும் அதிகமாகக் கரையும். அவை கடைசித் தண்ணீரிலேயே நின்றுவிடும். அதை நேரம் பார்த்து வடிக்க வேண்டும். தவறினால் உப்பு கசக்கும். காற்றில் ஈரம் இழுத்துக் கசியும்.

மழை வந்தால்...?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின.

பல நாள் வெயிலில் விளைந்த உப்பு, ஒரே மழையில் கரைந்துவிடும். ஜிப்சமோ அவ்வளவு எளிதில் கரையாது! அதனால்தான் உப்புக் குவியலை ஓலை போட்டு மூடிக் காப்பாற்றுகிறார்கள் தொழிலாளர்கள்.