லூயி ஜூவே: நடிகர் விட்டுச் செல்வது யாது?

புலவன் மறைந்த பின்னும் அவன் பாட்டு நிற்கின்றது. நடிகன் மறைந்தபின் எஞ்சுவது யாது? இவ்வினாவைப் பிரஞ்சு நடிகர் லூயி ஜூவேயின் வாழ்வு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஜூவே 1887-இல் குரோசோன் என்னும் ஊரிற் பிறந்தார், மருந்தியல் பயின்றார். பாரிசு நகரத்து அரசு நாடகக் கல்லூரி அவரைப் பன்முறை ஏற்க மறுத்தது. 1913-இல் ழாக் கொப்போவின் அரங்கிற் சேர்ந்து, நடிப்போடு ஒளியமைப்பும் மேடையமைப்பும் கைவரப் பெற்றார். ழூல் ரோமேன் இயற்றிய 'க்நொக்' நாடகத்தில், நலமுடையோரையெல்லாம் நோயாளராக்கும் மருத்துவராக 1923-இல் நடித்துப் பெரும்புகழ் எய்தினார்.

புதின ஆசிரியராகிய ழான் ஜிரோதூ தம் புதினமொன்றை நாடகமாக்க முற்பட்டபொழுது, மேடைக்கேற்ப அதனைத் திருத்தத் துணைநின்றவர் ஜூவே. 1928-இல் 'சீக்ஃபிரீது' அரங்கேறியது. அதன்பின் ஜிரோதூவின் சிறந்த நாடகங்கள் பல ஜூவேயின் அரங்கிலேயே தோன்றின. ஆதலின் அந்நூல்களில் நடிகரின் பங்கும் உறைந்துள்ளது எனலாம். இஃது எஞ்சுவனவற்றுள் ஒன்று.

மற்றொன்று திரைப்படம். 'ஒத்தெல் து நோர்' (1938), 'கே தெ ஒர்ஃபெவ்ர்' (1947) முதலியன அவர்தம் முகத்தையும் குரலையும் காத்துள்ளன. எனினும் படத்தொழிலை அவர் அரங்கின் செலவைத் தாங்கும் வருவாயாகவே பெரிதும் கருதினார். ஆகவே படங்களை மட்டுங்கொண்டு அவர் கலையை அளவிடுதல் பொருந்தாது.

மூன்றாவதே சிறந்தது என்பது எம் துணிபு. தம்மை மறுத்த கல்லூரியிலேயே 1934-இல் அவர் ஆசிரியரானார். அங்கு அவர் நடத்திய பாடங்களை அவர்தம் செயலாளர் சார்லொத் தெல்போ சுருக்கெழுத்திற் பதிவு செய்தார். 1940-ஆம் ஆண்டுப் பாடங்களில், மோலியரின் 'தொன் ழுவான்' நாடகத்தில் எல்வீர் விடைபெறும் காட்சியை மாணவி ஒருவர் மீண்டும் மீண்டும் நடிக்கின்றார். பயின்ற திறம் மட்டும் போதாது, பாத்திரத்தின் உணர்வு சொல்லை நிறைத்தல் வேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்துகின்றார். முடிந்த நடிப்பைப் படம் காட்டுகின்றது. நடிப்பு உருவாகும் முறையை இப்பதிவு காட்டுகின்றது. அப்பாடங்கள் ஏழினைக் கொண்டு பிரிஜித் ழாக் 1986-இல் ஒரு நாடகமே அமைத்தார்.

இப்பதிவு செய்த தெல்போ 1943-இல் ஆசுவித்சு வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர்தப்பியவர். ஜூவேயோ 1951-இல் ஒத்திகைக் காலத்தில் நோயுற்றுத் தம் அத்தெனே அரங்கிலேயே உயிர்நீத்தார். நடிப்பு மேடையோடு மறைவதே. ஆயினும் அதனைக் கற்பிக்கும் சொல்லை ஒருவர் கருத்தொடு குறித்துவைப்பின், அக்கலை மற்றொரு தலைமுறைக்கும் பயன்படும் என்பது இதனாற் பெறப்படும்.