உறைவிட மருத்துவர் நேர்காணலில் சொந்தக் குறைகளைக் கூறுதல்

எம்.பி.பி.எஸ். முடித்தவர் மருத்துவமனையில் பணிபுரிந்தபடியே ஒரு சிறப்புத் துறையைக் கற்கும் காலம் உறைவிட மருத்துவப் பயிற்சி எனப்படும். இதற்கான நேர்காணல்களில் "உங்களிடம் உள்ள குறை என்ன?" என்பது வழக்கமான கேள்விகளுள் ஒன்று. விண்ணப்பதாரர் தம் எல்லையை அறிந்தவரா, உரிய நேரத்தில் உதவி கேட்பவரா என்பதை அறிவதே இதன் நோக்கம்.

இந்தியாவிலும் அமெரிக்காவிலும்

1918-இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் எழுத்துத் தேர்வோடு நேர்காணலும் நடத்திவந்தது. 2016-இல் சட்டத் திருத்தத்தின் மூலம் பொது நுழைவுத் தேர்வு கட்டாயமானது. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று 2020 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று இந்தியாவில் முதுநிலை இடங்கள் தேர்வுத் தரவரிசைப்படியே நிரப்பப்படுகின்றன.

எனவே தமிழ்நாட்டு மருத்துவர்கள் இக்கேள்வியை எதிர்கொள்வது பெரும்பாலும் வெளிநாட்டு நேர்காணல்களில்தான். அமெரிக்காவில் 1952 முதல் 'மேட்ச்' என்னும் முறை நடைமுறையில் உள்ளது. நேர்காணல் முடிந்ததும் விண்ணப்பதாரரும் மருத்துவமனையும் தத்தம் விருப்ப வரிசையைத் தருவர். மார்ச் மாதத்தில் முடிவு வெளியாகும். 2022 ஜனவரி முதல் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வின் முதல் படிக்கு மதிப்பெண் கிடையாது; தேர்ச்சியா இல்லையா என்பது மட்டுமே அறிவிக்கப்படுகிறது.

பதிலின் அமைப்பு

நல்ல பதிலில் மூன்று பகுதிகள் இருக்கும்: குறை, அது தெரியவந்த சூழல், அதைத் திருத்தச் செய்தவை. ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் குரோமியம் உப்புகளைக் கையாள்வோருக்குக் கைகளில் தோல் அழற்சி வருவதுண்டு. இப்பகுதியில் பணியாற்றிய ஒருவர் இப்படிக் கூறலாம்:

"கூட்டம் அதிகமானால் நோயாளியின் தொழிலைக் கேட்கத் தவறிவிடுவேன். தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் அதே கைப்புண்ணோடு மூன்றாம் முறை வந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. இப்போது பெயர், வயதுக்கு அடுத்து தொழிலை எழுதிவிட்டுத்தான் மேலே கேட்கிறேன். இரவுப் பணியில் இன்னும் சில சமயம் விடுபடுகிறது. காலைச் சுற்றில் சரிபார்த்துக்கொள்கிறேன்."

குறை முற்றிலும் மறைந்துவிட்டதாகச் சொல்லாததே இப்பதிலுக்கு நம்பகத்தன்மை தருகிறது.

மூத்த மருத்துவரை இரவில் அழைக்கத் தயங்குவதும் பலரிடம் உள்ள குறை. வேலூரை அடுத்த அமிர்தி போன்ற காட்டோரப் பகுதியிலிருந்து, பாம்பு கடித்து இமை தொங்கத் தொடங்கிய நிலையில் ஒருவர் கொண்டுவரப்பட்டால், அந்தத் தயக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம். இதைக் குறையாகச் சொல்பவர், எந்தெந்த அறிகுறிகளைக் கண்டால் உடனே அழைப்பது என்று தமக்கு வகுத்துக்கொண்ட விதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

* "அதிகமாக உழைப்பதே என் குறை" என்று நிறையைக் குறையாகக் காட்டுவது. அடுத்த கேள்வியிலேயே இது வெளிப்பட்டுவிடும்.
* குறையே இல்லை என்பது.
* பழியைச் செவிலியர் மீதோ சக மருத்துவர் மீதோ போடுவது.
* நோயாளியை அடையாளம் காட்டும் விவரங்களைச் சொல்வது.
* மனப்பாடம் செய்த பதிலை ஒப்பிப்பது.

உடல்நலக் குறைவும் மாற்றுத்திறனும் இக்கேள்விக்குரிய குறைகள் அல்ல. பணி வழங்க முன்வருமுன் மாற்றுத்திறன் பற்றிக் கேட்பதை அமெரிக்கச் சட்டம் தடைசெய்கிறது.

நேர்காணல் இல்லாத இந்தியாவிலும் இக்கேள்வி மறைந்துவிடவில்லை. பணியில் சேர்ந்த முதல் இரவிலேயே, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டிய நிலை உறைவிட மருத்துவருக்கு வருகிறது.